தைராய்டு ரிப்போர்ட்டில் எண் மாறினால்: மாத்திரை அளவை மாற்றுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளாக ஒரே அளவில் லெவோதைராக்சின் மாத்திரை போட்டுவருகிறீர்கள். வழக்கமான பரிசோதனைக்குப் போய்வந்தால், இந்த முறை தைராய்டு ரிப்போர்ட்டின் முக்கிய எண்ணான டி.எஸ்.எச்.சுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி நிற்கிறது. பெரும்பாலானவர்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். நானும் அவசரப்பட்டவன்தான். என் மாத்திரையோடும், பிறகு வீட்டில் மேலும் இருவரின் மாத்திரையோடும் பல ஆண்டுகள் பழகிய பிறகு, புதியவர்கள் எந்தெந்தப் படியில் தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

இது, தைராய்டு குறைவாகச் சுரப்பதால் லெவோதைராக்சின் எடுக்கும் பெரியவர்களுக்கான வழிகாட்டி. அதிகமாகச் சுரப்பதைக் கட்டுப்படுத்த கார்பிமசோல் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கணக்கே வேறு. அவர்கள் இதைப் பின்பற்றக் கூடாது. அளவை முடிவு செய்பவர் மருத்துவர். ஆனால் அந்த முடிவு சரியாக அமையத் தேவையான விவரங்களில் பாதிக்கு மேல் உங்களிடம்தான் இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் திரட்டுவது, அளவு மாறிய பிறகு எப்படி நடந்துகொள்வது என்பதைக் கீழே சொல்கிறேன்.

1. ரிப்போர்ட் வந்த அன்று: மாத்திரையில் கை வைக்காதீர்கள்

நேற்றுப் போட்ட அளவையே இன்றும் போடுங்கள். நாளையும் அதையே போடுங்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், பாதியாக உடைக்கவும் வேண்டாம்.

காரணம் எளிது. லெவோதைராக்சினின் அரை ஆயுள் ஏறக்குறைய 7 நாட்கள். அதாவது இன்று உடலில் இருப்பதில் பாதி கரையவே ஒரு வாரம் ஆகும். இவ்வளவு மெதுவாக நகரும் மருந்தில் இரண்டு மூன்று நாள் தாமதத்தால் பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் நீங்களாகவே அளவை மாற்றிவிட்டு மருத்துவரிடம் போனால், அவர் கையில் இருக்கும் ரிப்போர்ட் பழைய அளவைப் பற்றியது, உங்கள் உடலில் ஓடுவது புதிய அளவு. இரண்டுக்கும் பொருத்தம் இருக்காது.

இதற்கு விதிவிலக்கு உண்டு. ரிப்போர்ட்டோடு சேர்த்து நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தாறுமாறாக அடித்துக்கொள்ளும் இதயத்துடிப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அதேபோல், பல நாட்கள் மாத்திரையே போடாமல் இருந்த ஒருவர் குழம்பிப் பேசினாலோ, எழுப்ப முடியாத அளவுக்குத் தூங்கிவழிந்தாலோ, உடல் சில்லிட்டுப் போனாலோ அதுவும் அவசரம்தான். கர்ப்பம் உறுதியாகியிருந்தால் நேராக 9-வது பகுதிக்குப் போங்கள்.

2. மேசையில் எடுத்துவைக்க வேண்டியவை

மருத்துவரிடம் போவதற்கு முன் இவற்றைத் திரட்டுங்கள்:

– புதிய ரிப்போர்ட்டும், அதற்கு முந்தைய இரண்டு மூன்று ரிப்போர்ட்டுகளும்.
– இப்போது போடும் மாத்திரையின் அட்டை அல்லது புட்டி. பெயரை வாயால் சொல்வது போதாது.
– நீங்கள் எடுக்கும் மற்ற எல்லா மருந்துகளின் பட்டியல். சத்து மாத்திரை, கால்சியம், இரும்புச்சத்து, முடிக்கும் நகத்துக்கும் எடுக்கும் பயோட்டின், வாய்வுக்குக் குடிக்கும் மருந்து ஆகியவையும் மருந்துகள்தான். ‘அதெல்லாம் மருந்தா’ என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.
– உடல் எடை, இன்றையதும் ஓராண்டுக்கு முந்தையதும்.
– கடந்த இரண்டு மாதங்களில் எத்தனை நாள் மாத்திரை தவறியது என்ற உண்மையான எண்ணிக்கை.

கடைசி வரிதான் கடினமானது. ‘தவறாமல் போடுகிறேன்’ என்று சொல்வது சுலபம். அட்டையில் எஞ்சியிருக்கும் மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். வாங்கிய தேதியையும் வாங்கிய எண்ணிக்கையையும் வைத்துக் கழித்தால் விடை வந்துவிடும். நான் முதன்முறை எண்ணியபோது 60 நாட்களில் 9 மாத்திரைகள் மிச்சம் இருந்தன. அதுவரை ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பழைய ரிப்போர்ட்டுகள் எதற்கு? ஒரே எண் படம் போன்றது. மூன்று எண்கள் இருந்தால்தான் எந்தத் திசையில் நகர்கிறது என்று தெரியும். டி.எஸ்.எச். 2.0, 2.6, 3.9 என்று படிப்படியாக ஏறுவது ஒரு கதை. 2.0, 2.1, திடீரென 9.0 என்பது வேறு கதை. இரண்டாவதில் ஏதோ ஒன்று புதிதாக நடந்திருக்கிறது.

3. ரிப்போர்ட்டை வாசிக்கும் வரிசை

முதலில் அலகையும் ஆய்வகம் கொடுத்திருக்கும் இயல்பு வரம்பையும் பாருங்கள். பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். வரம்பு பொதுவாக 0.4 முதல் 4.0 வரை என்ற அளவில் இருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். போன முறை ஓர் ஆய்வகம், இந்த முறை வேறோர் ஆய்வகம் என்றால் சிறிய வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதீர்கள். டி.எஸ்.எச்.சில் ஒரு லிட்டருக்கு மில்லி யூனிட் என்பதும், ஒரு மில்லிலிட்டருக்கு மைக்ரோ யூனிட் என்பதும் ஒரே எண்ணைத்தான் தரும். ரத்தத்தில் உலவும் தைராய்டு ஹார்மோனைக் காட்டும் எஃப்.டி.4 அப்படியில்லை. டெசிலிட்டருக்கு நானோகிராம் என்ற அலகில் 1 என்பது, லிட்டருக்கு பிகோமோல் என்ற அலகில் ஏறக்குறைய 13. அலகு மாறியதைக் கவனிக்காமல் ‘பத்து மடங்கு ஏறிவிட்டது’ என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து திசை. புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான்: டி.எஸ்.எச். ஏறியிருந்தால் ‘தைராய்டு அதிகமாகிவிட்டது’ என்று நினைத்து மாத்திரையைக் குறைத்துவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோனே இல்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து ‘இன்னும் சுர’ என்று போடும் அதட்டல். ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் அதட்டல் கூடும். ஹார்மோன் அதிகமானால் அதட்டல் அடங்கிவிடும். ஆகவே டி.எஸ்.எச். ஏறினால் உடலுக்கு மருந்து போதவில்லை என்று பொருள்; இறங்கினால் மருந்து மிகுந்துவிட்டது என்று பொருள்.

பிறகு எஃப்.டி.4. இதுதான் ரத்தத்தில் உண்மையில் கட்டற்று உலவும் ஹார்மோனின் அளவு. இது சிறிது இறங்கினாலே டி.எஸ்.எச். பல மடங்கு தாவும். அதனால்தான் டி.எஸ்.எச். மாறியிருந்தும் எஃப்.டி.4 வரம்புக்குள்ளேயே இருப்பது சாதாரணமாக நடக்கிறது. டி.எஸ்.எச். 6, எஃப்.டி.4 இயல்பு என்றால் சிறிய திருத்தம் தேவைப்படலாம். டி.எஸ்.எச். 40, எஃப்.டி.4 வரம்புக்குக் கீழே என்றால் நிலைமை வேறு.

இன்னொரு தைராய்டு ஹார்மோனான டி.3-இன் எண்ணில் தலையைக் கொடுக்காதீர்கள். லெவோதைராக்சின் மட்டும் எடுப்பவருக்கு அளவை முடிவு செய்ய அது பெரும்பாலும் உதவுவதில்லை. ஆன்டி டி.பி.ஓ. எனப்படும் எதிர்ப்பொருள் எண்ணும் அப்படியே. அது ஏறினாலும் இறங்கினாலும் மாத்திரை அளவு மாறப்போவதில்லை.

இன்னொன்று, 2.1 இருந்தது 3.0 ஆனால் அது செய்தியே இல்லை. டி.எஸ்.எச். ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். இரவிலும் விடியற்காலையிலும் உயர்ந்து, பிற்பகலில் தாழ்ந்திருக்கும். போன முறை காலை 7 மணிக்கும் இந்த முறை மாலை 3 மணிக்கும் ரத்தம் கொடுத்திருந்தால், அந்த வித்தியாசத்துக்கு உங்கள் கைக்கடிகாரமே காரணமாக இருக்கலாம்.

4. எண் சரியா என்று முதலில் சந்தேகப்படுங்கள்

மாத்திரையைச் சந்தேகப்படுவதற்கு முன் பரிசோதனையைச் சந்தேகப்பட வேண்டும். காரணம், தவறான எண்ணை நம்பி அளவை மாற்றினால் அதைச் சரிசெய்ய இன்னும் மூன்று மாதம் போய்விடும்.

பயோட்டின்: முடி உதிர்வுக்கு எடுக்கும் மாத்திரைகளில் இது அதிக அளவில் இருக்கும். பல ஆய்வகங்கள் கையாளும் பரிசோதனை முறையில் பயோட்டின் குறுக்கிட்டு, டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் எஃப்.டி.4-ஐப் பொய்யாக உயர்த்தியும் காட்டும். பார்ப்பதற்கு அப்படியே மருந்து மிகுந்துபோனது போலிருக்கும். அதை நம்பிக் குறைத்தால், உண்மையில் சரியாக இருந்தவருக்குக் குறைபாடு வந்துவிடும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு பயோட்டினை நிறுத்துங்கள். அதிக அளவில் எடுப்பவர்கள் இன்னும் எத்தனை நாள் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

அன்றைய மாத்திரை: மாத்திரை போட்ட பிறகு சில மணி நேரத்துக்கு எஃப்.டி.4 தற்காலிகமாக ஏறும். டி.எஸ்.எச். அவ்வளவு சட்டென்று அசையாது. எனவே ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை போடுவது நல்ல வழக்கம்.

நோய்: கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, மருத்துவமனைத் தங்கல் ஆகியவற்றின்போதும், உடல் தேறிவரும் வாரங்களிலும் தைராய்டு எண்கள் தற்காலிகமாகக் குலையும். நோயின்போது டி.எஸ்.எச். தாழலாம், தேறும்போது இயல்புக்கு மேல் ஏறலாம். அந்த நேரத்து ரிப்போர்ட்டை வைத்து நீண்டகால அளவை மாற்றுவது பெரும்பாலும் வீண் வேலை. உடல் முழுவதும் தேறிய பிறகு மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள்.

சீக்கிரமே எடுத்த பரிசோதனை: போன அளவு மாற்றத்திலிருந்து ஆறு வாரம் ஆகாமல் எடுத்த ரிப்போர்ட் பாதி வழியில் எடுத்த படம். அதை இறுதியென்று கொள்ளக் கூடாது.

5. எண் உண்மை என்றால், அது ஏன் மாறியது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அளவைக் கூட்டுவது சுலபம். ஆனால் மருந்து உடலுக்குள் போகாததால் எண் ஏறியிருக்கும்போது அளவைக் கூட்டினால், பிறகு ஒருநாள் அந்தத் தடை நீங்கும்போது கூட்டிய அளவு முழுவதும் உள்ளே போய் எண் எதிர்த்திசையில் சரியும். எனக்கு நடந்தது இதுதான். இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் ஒரே மிடறு தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்தேன். டி.எஸ்.எச். ஏறியது, அளவைக் கூட்டினார்கள். மூன்று மாதத்தில் இரும்புச்சத்து மாத்திரை முடிந்தது. அடுத்த ஆறு வாரத்தில் கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. இரும்புச்சத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டி.எஸ்.எச். ஏறியிருந்தால் இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில், தவறிய மாத்திரைகள். வாரத்தில் ஒரு நாள் தவறினால் ஏழில் ஒரு பங்கு மருந்து குறைகிறது. நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் என்பது 7 நாளுக்கு 700. ஒரு நாள் விட்டால் 600. சராசரி 86 ஆகிவிடும். எண்ணை நகர்த்த இது போதும். இன்னொரு வகையும் உண்டு: மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் போடுவது, பரிசோதனைக்கு முந்தைய ஒரு வாரம் மட்டும் ஒழுங்காகப் போடுவது. அப்போது எஃப்.டி.4 இயல்பாகவோ உயர்ந்தோ இருக்கும், டி.எஸ்.எச். மட்டும் இறங்காமல் நிற்கும். அனுபவமுள்ள மருத்துவர் இதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். மறைத்துப் பயனில்லை.

அடுத்தது, எடுக்கும் முறை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும், காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் என்பதே வழக்கமான முறை. காபியோடு சேர்த்து விழுங்கினால் உடல் கிரகிப்பது குறையும். காலையில் முடியாதவர்கள், கடைசி உணவு முடிந்து குறைந்தது மூன்று மணி நேரம் கழித்து இரவு படுக்கும்போது எடுக்கலாம். எந்த நேரம் என்பதைவிட, தினமும் அதே நேரம், அதே முறை என்பது முக்கியம். வாரத்தில் மூன்று நாள் காலை, நான்கு நாள் இரவு என்று மாற்றி மாற்றி எடுத்தால் எண்ணும் அப்படியேதான் அலையும்.

மூன்றாவது, குறுக்கே நிற்கும் பொருட்கள். கால்சியம், இரும்புச்சத்து, அலுமினியம் கலந்த அமில முறிவு மருந்து ஆகியவை வயிற்றிலேயே லெவோதைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே 4 மணி நேரம் விடுங்கள். கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கும் கோலஸ்டிரமைன், சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுக்கும் செவலமர் ஆகியவையும் இதே வகை. சோயா உணவும் நார்ச்சத்துப் பொடியும் கிரகிப்பைக் குறைக்கக்கூடியவை. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை வயிற்று அமிலத்தையே குறைப்பதால், நேர இடைவெளி விட்டாலும் பயன் இல்லாமல் போகலாம். அங்கே அளவை மாற்றுவதே வழி.

நான்காவது, உடலுக்குள் நடக்கும் மாற்றம். எடை கூடியிருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் கலந்த மாத்திரையை வாய்வழியாக எடுக்கத் தொடங்கியிருக்கலாம். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமசிபைன், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் ஆகியவை ஹார்மோனை வேகமாகக் கழித்துவிடும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் எடுக்கும் சிலருக்கும் தேவை கூடுகிறது. எந்தப் புதிய மருந்தும் இல்லை, முறையும் சரி, இருந்தும் அளவு கூடிக்கொண்டே போகிறது என்றால், கோதுமைப் புரதம் ஒவ்வாமல் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய், இரைப்பை உட்சுவர் சுருங்குதல், இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் கிருமியின் தொற்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஐந்தாவது, மாத்திரை. வேறு நிறுவனத்தின் மாத்திரைக்கு மாறினீர்களா? ஒரே மைக்ரோகிராம் எண் அட்டையில் இருந்தாலும் உடல் கிரகிப்பதில் சிறு வித்தியாசம் வரலாம். மாறினால் ஆறு வாரம் கழித்து ஒரு பரிசோதனை தேவை. வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றும் இந்த மாத்திரைக்கு ஆகாது. அடுப்புக்கு மேல் அலமாரியிலும், குளியலறையிலும், வெயிலில் நிற்கும் காரிலும் வைத்தவர்கள் அந்தப் புட்டியை மறந்துவிட்டுப் புதியது வாங்குவது நல்லது.

டி.எஸ்.எச். இறங்கியிருந்தால் பட்டியல் சிறியது. எடை நன்றாகக் குறைந்திருக்கலாம். வயது ஏற ஏறத் தேவை குறையலாம். ஈஸ்ட்ரோஜனையோ கால்சியத்தையோ நிறுத்தியிருக்கலாம். இரட்டை மாத்திரை போட்டிருக்கலாம்; பழைய அட்டையும் புதிய அட்டையும் ஒரே டப்பாவில் கிடந்தால் இது நடக்கும்.

சீரற்ற இதயத்துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன், மனநலச் சிகிச்சையில் கொடுக்கும் லித்தியம் இரண்டும் தைராய்டையே நேரடியாகத் தொடுபவை. அவற்றை எடுப்பவர்கள் ஊகிக்காமல் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

6. உங்கள் இலக்கு எது என்று கேளுங்கள்

ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் வரம்பு எல்லாருக்குமானது. உங்கள் இலக்கு அதுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் வெளியே வராதீர்கள்: ‘எனக்கு டி.எஸ்.எச். எவ்வளவில் இருக்க வேண்டும்?’

தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சிலருக்கு டி.எஸ்.எச்.சை வேண்டுமென்றே வரம்புக்குக் கீழே வைத்திருப்பார்கள். அவர்களுடைய ரிப்போர்ட்டில் கீழ்நோக்கிய அம்புக்குறி தவறில்லை, திட்டம். அதைப் பார்த்துவிட்டு உறவினர் ஒருவர் அறிவுரை சொல்லி மாத்திரையைக் குறைக்க வைப்பது ஆபத்தான உதவி.

எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு டி.எஸ்.எச். 4 முதல் 6 வரை இருப்பதையே பல மருத்துவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். வயதானவரின் 5-ஐ இளைஞரின் 2 ஆக்கப் பாடுபடுவதில் நன்மை குறைவு. மருந்து மிகுந்தால் வரும் கேடு அதிகம்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற இதயத்துடிப்பும், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவும் வரும். டி.எஸ்.எச். 0.1-க்கும் கீழே நெடுநாள் கிடப்பதை, ‘உடல் நன்றாகச் சுறுசுறுப்பாக இருக்கிறதே’ என்று விட்டுவைக்கக் கூடாது.

பிட்யூட்டரி சுரப்பியிலேயே பழுது உள்ளவர்களுக்கு டி.எஸ்.எச். எண்ணுக்கு மதிப்பே இல்லை. அதட்ட வேண்டியவரே ஊமையாகிவிட்டார். அவர்களுக்கு எஃப்.டி.4 மட்டுமே வழிகாட்டி.

7. புதிய அளவு: சிறிதாக, ஒரே தடவை, எழுத்தில்

இயங்காத தைராய்டுக்கு முழு ஈடாக, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுவான கணக்கு. தொடக்கத்துக்குத்தான் இது உதவும். பல ஆண்டுகளாக எடுப்பவருக்கு மாற்றம் வழக்கமாக 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் படிகளில்தான் நடக்கும். இதயநோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் படி இன்னும் மெதுவானது. திடீரென ஹார்மோன் கூடினால் இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

சில மருத்துவர்கள் ஒரு நாள் 75, மறுநாள் 100 என்று மாற்றி மாற்றி எடுக்கச் சொல்வார்கள். அரை ஆயுள் ஏழு நாள் என்பதால் உடல் அன்றன்றைய அளவைப் பார்ப்பதில்லை. வாரத்தின் மொத்தத்தைத்தான் பார்க்கிறது. நான்கு நாள் 100, மூன்று நாள் 75 என்றால் வாரத்துக்கு 625, சராசரி 89. உங்கள் பழைய வார மொத்தத்தையும் புதிய வார மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இனி நான் அடிக்கடி பார்த்த குழப்பம். மருந்துச் சீட்டில் ‘25’ என்று மட்டும் இருக்கும். மருத்துவர் நினைத்தது: பழைய 75-ஓடு 25 சேர்த்து 100. நோயாளி புரிந்துகொண்டது: இனிமேல் 25 மட்டும். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இப்படி ஐந்து வாரம் கால் பங்கு மருந்தில் ஓட்டினார். நடை தளர்ந்து, குரல் கனத்து, முகம் ஊதிய பிறகுதான் சீட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். எனவே அறையைவிட்டு எழுவதற்கு முன் சொல்லிச் சரிபாருங்கள்: ‘நாளை காலையிலிருந்து மொத்தம் இத்தனை மைக்ரோகிராம், சரியா?’ மொத்தம் என்ற சொல்லை விடாதீர்கள்.

மில்லிகிராமும் மைக்ரோகிராமும் குழம்பக் கூடாது. 0.1 மில்லிகிராம் என்பதும் 100 மைக்ரோகிராம் என்பதும் ஒன்றுதான்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் தைராய்டு மாத்திரையின் அளவு மாறுவதை அதைக் கொடுக்கும் மருத்துவருக்கும் சொல்ல வேண்டும். தைராய்டு ஹார்மோன் கூடினால் வார்ஃபரினின் வேகமும் கூடி ரத்தக்கசிவு வரலாம். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் சில வாரம் சர்க்கரையைக் கூடுதலாகக் கவனியுங்கள், தேவை மாறக்கூடும்.

8. தொடங்கும் நாளும், அதற்குப் பின் ஆறு வாரமும்

பழைய அளவு அட்டைகளை முதலில் தனியே எடுத்து வையுங்கள். பிறகு புதியதைத் திறங்கள். இந்த வரிசை முக்கியம். இரண்டும் ஒரே டப்பாவில் கிடந்தால் அரைத் தூக்கத்தில் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. தொடங்கிய தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். ஆறு வாரம் தள்ளி இன்னொரு குறி.

ஏன் ஆறு வாரம்? மாற்றத்தின் பாதி முதல் வாரத்தில் ரத்தத்தில் நிலைபெறும், இரண்டாம் வார முடிவில் முக்கால் பங்கு, நான்காம் வார முடிவில் ஏறக்குறைய 94 விழுக்காடு. அதற்குப் பிறகும் பிட்யூட்டரி நிதானமாகத்தான் தன் குரலைச் சரிசெய்யும். ஆகவேதான் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்க்கச் சொல்கிறார்கள். மூன்றாம் வாரமே பார்த்து, ‘இன்னும் இறங்கவில்லை’ என்று மறுபடி கூட்டினால், எட்டாம் வாரம் இரண்டு மாற்றங்களும் சேர்ந்து தலையில் விழும். அதன் பிறகு குறைப்பு, மறுபடி கூட்டல். இந்த ஊஞ்சலில் ஓராண்டு ஆடியவர்களை எனக்குத் தெரியும்.

காத்திருக்கும் வாரங்களில் வேறெதையும் மாற்றாதீர்கள். புதிய சத்து மாத்திரை தொடங்குவது, மாத்திரை நேரத்தைக் காலையிலிருந்து இரவுக்கு மாற்றுவது, நிறுவனத்தை மாற்றுவது எல்லாம் பிறகு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது எண்ணை நகர்த்தியது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு நாள் மறந்துவிட்டால்? அன்றைக்கே நினைவு வந்தால் வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் என்ன செய்வது என்பதில் மருத்துவர்களின் அறிவுரை வேறுபடும். உங்கள் மருத்துவர் சொல்வதை முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். இதயநோய் உள்ளவர்கள் தாமாகவே இரட்டையாகப் போடக் கூடாது.

வாரம் ஒருமுறை மூன்று வரி எழுதுங்கள்: காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு, எடை, தூக்கம் எப்படி. அதற்கு மேல் எழுத முயன்றால் இரண்டாம் வாரமே நிறுத்திவிடுவீர்கள். களைப்பு உடனே போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எண் சரியான பிறகும் உடம்பு தேற இன்னும் சில வாரம் ஆகலாம். முடி உதிர்வு நிற்க மாதங்கள் ஆகும். இதற்கிடையே துடிப்பு வழக்கத்தைவிடத் தொடர்ந்து வேகமாக இருந்தாலோ, கை நடுக்கம், அளவுக்கு மீறிய வியர்வை, தூக்கமே வராத இரவுகள் என்று சேர்ந்து வந்தாலோ, ஆறு வாரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மருத்துவரை அழையுங்கள்.

9. கர்ப்பம் என்றால் வரிசை தலைகீழ்

மேலே சொன்ன நிதானம் எதுவும் இங்கே பொருந்தாது. கர்ப்பத்தின் நான்கு முதல் ஆறு வாரங்களிலேயே தைராய்டு ஹார்மோன் தேவை ஏறத் தொடங்கிவிடும். மொத்தத்தில் 25 முதல் 50 விழுக்காடு வரை கூடலாம். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனை நம்பியிருக்கிறது. அதனால் இங்கே காத்திருந்து பார்ப்பது கூடாது.

குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசி, கர்ப்பம் உறுதியான அன்று என்ன செய்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலர் சொல்லும் வழி, வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதிலாக 9 மாத்திரை. அதாவது வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இரண்டு மாத்திரை. அப்படி எழுதி வாங்காதவர்கள் அன்றே அழைத்துக் கேட்க வேண்டும். கர்ப்பத்தின் பாதிக்காலம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை, பிறகு 30-வது வாரம் அளவில் ஒன்று. இலக்கும் இறுக்கமானது, பொதுவாக 2.5-க்குக் கீழே.

கர்ப்பகால இரும்புச்சத்தும் கால்சியமும் இதே மாத்திரைக்கு எதிரிகள் என்பதை மறக்க வேண்டாம். தைராய்டு மாத்திரை காலையில் என்றால் அவை மதியத்துக்குப் பிறகு. பிரசவத்துக்குப் பின் பழைய அளவுக்குத் திரும்பச் சொல்வார்கள்; ஆறு வாரத்தில் மீண்டும் பரிசோதனை. பல தாய்மார்கள் தவறவிடுவது இந்தக் கடைசிப் பரிசோதனையைத்தான். குழந்தையைப் பார்ப்பதிலேயே நாட்கள் ஓடிவிடும், கூட்டிய அளவு கூட்டியபடியே கிடக்கும்.

10. மறுபரிசோதனை

அதே ஆய்வகம். ஏறக்குறைய அதே நேரம். ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை. பயோட்டின் நிறுத்தியாகிவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். காய்ச்சலோடு போகாதீர்கள், இரண்டு வாரம் தள்ளிப்போடுவதில் தவறில்லை.

எண் இலக்குக்குள் வந்துவிட்டால் அதே அளவு தொடரும். நான்கு முதல் ஆறு மாதம் கழித்து இன்னொரு பரிசோதனை, அதிலும் நிலைத்தால் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. எண் சரியான திசையில் நகர்ந்து இலக்கை எட்டவில்லை என்றால் இன்னொரு சிறிய படி, இன்னொரு ஆறு வாரம். எண் நகரவே இல்லை என்றால் அடுத்த படி ஏறுவதற்கு முன் 5-வது பகுதிக்குத் திரும்புங்கள். விழுங்கும் மருந்து உள்ளே போகிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

எண் சரியாகிவிட்டது, ஆனால் களைப்பு அப்படியே இருக்கிறது என்றால், அளவை இன்னும் கூட்டிக் கேட்காதீர்கள். ரத்தச்சோகை, பி12 குறைவு, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத்தடை, மனச்சோர்வு என்று களைப்புக்கு வேறு பல கதவுகள் உண்டு. அவற்றைத் தட்டச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒவ்வொரு ரிப்போர்ட்டின் மேல் மூலையிலும் கையால் மூன்று விஷயம் எழுதி வையுங்கள்: அன்று போட்டுவந்த வார மொத்த அளவு, மாத்திரையின் நிறுவனப் பெயர், அன்றைய எடை. ஆய்வகம் இவற்றை அச்சிடாது. அடுத்த முறை அம்புக்குறி வரும்போது மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.